கொடையும் தூண்டிலும்

(ஆண்டின் பொதுக்காலம் 11ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. பிள்ளைகள் புதுப் பையும் புதுப் புத்தகமுமாக நடக்கிறார்கள். வீட்டுக்குள்ளே வேறொரு போராட்டம். இரண்டு மாதமாகப் பிள்ளையின் கையிலேயே கிடந்த செல்போனைத் திரும்ப வாங்க முடியவில்லை. "சாமி, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கடந்த இரண்டு வாரத்தில் எத்தனையோ தாய்மார்கள் பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இன்றைய நற்செய்தியின் ஒளியில் இதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இன்று நான் சொல்லப்போவதில் நற்செய்தியும் இருக்கும், என் சொந்தக் கருத்தும் இருக்கும். எந்த விளையாட்டு நல்லது, எந்த வயதில் பிள்ளைக்குப் போன் கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் திருச்சபையில் விசுவாசக் கோட்பாடு கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் 'இது என் கருத்து' என்று சொல்லியே பேசுவேன். நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம்.

மத்தேயு நற்செய்தியிலிருந்து இன்று நாம் கேட்ட பகுதி ஒரு பார்வையோடு தொடங்குகிறது. இயேசு மக்கள் கூட்டத்தைப் பார்க்கிறார். ஆயனில்லாத ஆடுகளைப்போல அவர்கள் அலைந்து சோர்ந்திருக்கிறார்கள். அவர் இரக்கம் கொள்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல், மனிதனின் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் வழக்கில் சொன்னால், அவருக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, பெற்றவளுக்குக் கலங்குவதுபோல. பிறகு அவர் பன்னிருவரை அழைக்கிறார். மத்தேயு அந்தப் பன்னிரண்டு பேரையும் பெயர் பெயராகச் சொல்கிறார். வரி தண்டியவரின் பெயரும் இருக்கிறது, காட்டிக்கொடுத்தவனின் பெயரும் இருக்கிறது. அவர்களை அனுப்பும்போது ஆண்டவர் சொல்வது இதுதான்: நீங்கள் பெற்றதெல்லாம் விலை கொடுக்காமல் பெற்றது, கொடுக்கும்போது நீங்களும் விலை வைக்காதீர்கள்.

ஒருவர் கூட்டத்தைப் பார்க்கிறார், இரங்குகிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், இலவசமாகக் கொடுக்கிறார். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கருவி வழியாகவும் சிலர் ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அழைக்கிறார்கள். அவர்களும் 'இலவசம்' என்றுதான் சொல்கிறார்கள்.

செல்போன் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை இறக்கிக்கொள்ளக் காசு கேட்பதில்லை. ஆனால் அவற்றை உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் உண்டு, முதல் போட்டவர்களுக்கு லாபம் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

முதல் வழி விளம்பரம். அது நடக்கும் விதத்தைக் கடற்கரை மக்களுக்கு விளக்குவது எளிது. காலையில் படகு கரை சேர்ந்ததும் மீனைக் கொட்டி ஏலம் விடுகிறோம். வியாபாரிகள் சுற்றி நின்று விலை கேட்கிறார்கள். அதிகம் கேட்டவருக்குப் போகிறது. உங்கள் பிள்ளை ஒரு செயலியைத் திறந்து, அதில் விளம்பரத்துக்கான இடம் வரும்போதும் பல வேளைகளில் இப்படி ஓர் ஏலம் நடக்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் கணினிகளே விலை கேட்டு, கணினிகளே முடித்துவிடுகின்றன. அங்கே கொட்டிக் கிடப்பது உங்கள் பிள்ளையின் பார்வை. அதைத்தான் விலை பேசுகிறார்கள். விலை பேசுகிறவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தேவையில்லை. விளம்பரத்துக்கென்றே போனில் ஓர் அடையாள எண் இருக்கிறது. அந்த எண் எந்த ஊரில் இருக்கிறது, எதை விரும்பிப் பார்த்தது, எதை வாங்கியது என்று தெரிந்தால் போதும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு விளம்பரத்தில் வருகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்துக்கு 95 விழுக்காட்டுக்கும் மேல். எவ்வளவு நேரம் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவு அவர்களுக்கு வரவு.

விளம்பரமே பாவம் என்று நான் சொல்லவில்லை. தெருவில் கருவாடு கூவி விற்கும் பாட்டியும் விளம்பரம்தான் செய்கிறார். ஆனால் 'வேண்டாம் பாட்டி' என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நம் வீட்டில் யாருக்கு என்ன பலவீனம் என்று குறித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்ட மாட்டார். எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள் பலர் செல்போனில் திருப்பலி காண்கிறார்கள். நடுப்பூசையில் கடன் செயலிக்கான விளம்பரம் வந்து விழுகிறது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். பார்க்கிறவர் முழந்தாளிட முடியாத ஒரு முதியவர் என்பது அந்த விளம்பரத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அடிவயிறு கலங்காது.

இரண்டாவது வழி, விளையாட்டுக்குள்ளேயே நடக்கும் வியாபாரம். இதைப் பெற்றோர் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். விளையாட்டில் ரூபாய் என்ற சொல்லே வராது. வைரம், காசு, ரத்தினம் என்று ஏதோ ஒன்றை வாங்கச் சொல்வார்கள். 79 ரூபாய் கொடுத்தோம் என்பது மறந்துபோய், எண்பது வைரம் கிடைத்தது என்பது மட்டும் மனத்தில் நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை விற்பார்கள். திறந்தால்தான் தெரியும். நல்லது வரவில்லையென்றால் இன்னொன்று வாங்கத் தோன்றும். ஒருநாள் வராவிட்டால், தொடர்ந்து வந்ததற்கான பரிசு போய்விடும். தோற்றுப்போனால், முப்பது வினாடி விளம்பரம் பார், இன்னொரு உயிர் தருகிறேன் என்பார்கள். இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை அல்ல. எந்த இடத்தில் பிள்ளை எழுந்து போகிறான் என்று கணக்கெடுத்து, அந்த இடத்திலேயே வைக்கிறார்கள்.

மற்ற நாடுகளில் அரசுகளே இதில் தலையிட்டிருக்கின்றன. பெல்ஜியம் நாட்டில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையம், இப்படிப்பட்ட மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று 2018இல் முடிவு செய்தது. அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், அந்நாட்டின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்குகளில் 52 கோடி டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதில் 24 கோடியே 50 லட்சம் டாலர், குழப்பமான பொத்தான்களால் தெரியாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்கும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கிய குடும்பங்களுக்கும் திருப்பித் தருவதற்கு.

தொலைவில் நடந்ததை மட்டும் சொன்னால் போதாது. ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் கடலுக்குப் போயிருந்தார். வங்கிக் கணக்கில் வலை வாங்க வைத்திருந்த பணத்தில் பதினோராயிரத்துக்கு மேல் காணவில்லை. 29 ரூபாய், 79 ரூபாய், 159 ரூபாய் என்று மூன்று வாரமாகக் கரைந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன்தான் அம்மாவுக்குப் பணம் அனுப்பிக் கொடுப்பவன், அதனால் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். "அவனை அடிச்சிட்டேன் சாமி" என்று அந்தத் தாய் அழுதார். பையனோடு தனியாகப் பேசினேன். "ஏன் தம்பி?" என்றேன். "ஒவ்வொரு தடவையும் கொஞ்சந்தான் ஃபாதர் எடுத்தேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நான் போகலைன்னா எங்க டீம் தோத்துடும். அங்க எல்லாரும் என்னைக் கூப்பிடுவாங்க."

அன்பார்ந்தவர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனை யாரோ கூப்பிடுகிறார்கள். அவன் வராவிட்டால் யாரோ தேடுகிறார்கள். ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்க முடியும்? மத்தேயு எழுதிய அந்தப் பன்னிரண்டு பெயர்களும் அதே ஆசையின் நிறைவுதானே. தூண்டிலில் மாட்டியிருந்தது கல் அல்ல, உண்மையான இரை. அதனால்தான் பிள்ளை கடித்தான்.

இந்த இடத்தில் விளையாட்டையே வெறுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குருமடத்தில் எங்களுக்குப் பாடமாக வைத்த புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே, தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் விளையாட்டைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல உழைத்த மனத்துக்கும் ஓய்வு தேவை, அந்த ஓய்வு விளையாட்டில் கிடைக்கிறது என்கிறார். அதற்குப் பழைய கதை ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறார். யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்த பின், விடாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான்.

அதே இடத்தில் அக்குவினாஸ் மூன்று எச்சரிக்கைகள் தருகிறார். விளையாட்டு இழிவானதாகவோ பிறருக்குத் தீங்கு செய்வதாகவோ இருக்கக் கூடாது. அதில் மனத்தின் சமநிலை முழுவதும் போய்விடக் கூடாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். செல்போன் விளையாட்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. வில்லின் நாணைத் தளர்த்தத்தான் விளையாட்டு. ஆடி முடித்த பிள்ளை எரிச்சலோடும் களைப்போடும் எழுந்தால், நாண் தளரவில்லை, இன்னும் இறுகியிருக்கிறது.

திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், 15 வயதில் இறந்த சிறுவர். கணினி நன்றாகத் தெரிந்தவர். நற்கருணைப் புதுமைகளைப் பற்றி இணையதளம் உருவாக்கியவர். அவரும் வீடியோ கேம் விளையாடினார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத் தானே எல்லை வைத்துக்கொண்டார். பிள்ளைகளே, அவர் விளையாட்டை வெறுத்ததால் எல்லை வைக்கவில்லை. நிறுத்துகிறவன் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று தமிழகம் அறியும். நம் சட்டமன்றம் 2022இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்கிறது. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் நம் வீட்டு வாசல் வரைதான் வரும். பாயில் படுத்துப் போர்வைக்குள் போன் பார்க்கும் பிள்ளையிடம் சட்டம் வராது. அங்கே நாம்தான் போக வேண்டும்.

இனி கொடைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். இரண்டும் இலவசம்போலத் தெரியும். மீன் வாயைத் திறக்கும் வரை தூண்டில் இரையும் இலவசம்தான். புனித பவுல் இன்றைய இரண்டாம் வாசகத்தில், நாம் நல்லவர்களான பிறகு கிறிஸ்து நமக்காக இறக்கவில்லை, பாவிகளாய் இருந்தபோதே இறந்தார் என்று உரோமையருக்கு எழுதுகிறார். இறையியலில் இதைத்தான் அருள் என்கிறோம். நம்மிடம் எதிர்பார்த்துக் கொடுத்தது அல்ல. நம்மை அளந்து பார்த்துக் கொடுத்ததும் அல்ல. கொடுத்த பிறகும் நம்மைக் கட்டிப்போடுவதில்லை. வேண்டாம் என்று போகிறவனையும் போகவிடுகிறார், திரும்பி வந்தால் வாசலில் நிற்கிறார். கொடை பெற்றவன் எழுந்து நடப்பான். தூண்டில் கடித்தவன் நடக்க முடியாது. 'என்னால் இதை இப்போதே வைத்துவிட்டு எழ முடியுமா?' என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்திருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் கேட்டுப் பாருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் என்று அதற்குப் பொருளில்லை. கட்டுப்படுத்தவே முடியாமல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்து, கேடு வந்த பிறகும் விட முடியாமல், அப்படியே ஓராண்டளவு தொடர்ந்தால்தான் பொதுவாக அதை நோய் என்கிறார்கள். உங்கள் பிள்ளை அந்த நிலையில் இருந்தால் அடிக்காதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செபமும் செய்யுங்கள், மருத்துவரிடமும் போங்கள்.

மற்றவர்களுக்கு என் கருத்தாகச் சிலவற்றைச் சொல்கிறேன். பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அனுப்பத் தெரியாவிட்டால் அவனிடமே கற்றுக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் நீங்கள் அழுத்துங்கள். போனின் அமைப்புகளுக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழிக்கவோ முடக்கவோ முடியும், இளையோர் இயக்கப் பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். பிள்ளை விளையாட்டு கேட்டால், ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, விளம்பரமும் கடையும் இல்லாமல் ஆடும் விளையாட்டை வாங்கிக் கொடுங்கள். 'இலவசமாகக் கிடைக்கும்போது காசு எதற்கு?' என்று கேட்பீர்கள். விலை தெரிந்து கொடுப்பது, தெரியாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட மலிவு. இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் தூங்கட்டும், அப்பாவின் போனும் சேர்த்து.

இவை எல்லாவற்றையும் செய்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஏனென்றால், போனை வாங்கி வைத்துவிட்டால் அவனை யார் கூப்பிடுவார்கள்? அந்த விளையாட்டு, எந்த நோக்கத்தோடு என்றாலும், தினமும் அவனுக்காகக் காத்திருந்தது. அவன் வந்தால் வரவேற்றது. ஜெயித்தால் பாராட்டியது. வீட்டில் அவன் பள்ளி முடிந்து வரும்போது நாம் தலை நிமிர்ந்து பார்க்கிறோமா? அவன் பெயரைத் திட்டுவதற்கு மட்டும்தான் கூப்பிடுகிறோமா? விலைபேசப்பட்ட பிள்ளையின் பார்வையை மீட்க ஒரே வழி, நம் பார்வையை விலையில்லாமல் அவனுக்குக் கொடுப்பது. மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காத அரை மணி நேரம். அறிவுரை சொல்லாத ஒரு நடை. தாயக்கட்டமோ கேரமோ, அவனோடு உட்கார்ந்து தோற்றுப்போக ஒரு மாலை.

அந்தத் தாயும் மகனும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அப்பா கடலிலிருந்து வந்ததும் மூவரையும் உட்கார வைத்துப் பேசினோம். சனிக்கிழமைகளில் வலை பொத்தும்போது பையன் அப்பாவோடு உட்காருகிறான். போனை முழுவதும் விட்டுவிட்டானா என்றால் இல்லை. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் விளையாடுகிறான், அது அவனும் அப்பாவும் சேர்ந்து வைத்த எல்லை. சில வாரங்களில் அது மீறப்படுகிறது, சண்டையும் வருகிறது. ஆனால் இப்போது வீட்டிலும் அவனைக் கூப்பிட ஆள் இருக்கிறது.

எங்கள் பங்கில் கோவில் மைதானத்தை மாலை ஐந்து மணியிலிருந்து மூவேளைச் செப மணி அடிக்கும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்திருக்கிறோம். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம், கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. பெரியவர்கள் இருவர் முறைவைத்து அங்கே இருக்கிறார்கள். வந்த பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வதுதான் அவர்கள் வேலை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றப் பங்குகளிலும் இது முடியும். அறுவடை மிகுதி, ஆள்கள் குறைவு என்று ஆண்டவர் வருந்தியதும் இன்றைய நற்செய்தியில்தான்.

செபிப்போம். மக்கள் கூட்டத்தைக் கண்டு இரங்கிய ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளை உமது கண்களால் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். அவர்களை விலைபேசும் எல்லாக் கைகளிலிருந்தும் அவர்களைக் காத்தருளும். நீர் விலையின்றித் தந்த நேரத்தையும் அன்பையும் நாங்களும் விலையின்றி அவர்களுக்குக் கொடுக்க அருள்புரியும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.